பாட்டா, படமா, ஆட்டமா?

நாகூருக்குப் போயிருக்கிறீர்களா? தர்காவின் ஐந்து மனோராக்களும் தூரத்திலேயே கண்ணில் படும். 131 அடி உயரமுள்ள பெரிய மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். மதபேதமின்றி ஜனங்கள் வரும் இடம் அது. மனம் பேதலித்தவர்களையும் உறவினர் அழைத்து வருகிறார்கள். பக்கீர்கள் தாயிரா தட்டிப் பாடும்போது ஒருத்தி கண்ணை மூடிக் கேட்பாள். இன்னொருத்தி காதைப் பொத்திக்கொள்வாள். பாட்டு என்னவோ ஒன்றுதான்!

வைத்தியர்களையும் யோசிக்க வைத்த விஷயம் இது. மருந்தோடு இசை, சித்திரம், நடனம், நாடகம் ஆகியவற்றையும் துணைச் சிகிச்சையாகப் பல நாடுகளில் அளிக்கிறார்கள். எது யாருக்கு என்று தீர்மானிப்பது யார்?

பிரிட்டனில் மனச்சிதைவு நோயுள்ள 417 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சித்திரச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2012-ல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிகம் தேறிவிடவில்லை. பலர் அந்தப் பக்கமே சரியாக எட்டிப் பார்க்கவில்லை! சித்திரத்தில் பிரியமுள்ளவர்களாகப் பார்த்துப் பொறுக்கவில்லையே! பிற்பாடு அங்கே நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், சித்திரம், இசை, நடனம் மூன்றில் எது பிடிக்கும் என்று நோயாளியையே முதலில் கேட்டார்கள்.

கேட்டால்தான் தெரியும், சகோதரிகளே. தினம் கோலம் போட்ட கைக்கு வர்ணமும் தூரிகையும் பயம் தராது. வாய் திறந்து பேச முடியாதவளுக்கும் அது சௌகரியம். ஆனால், நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவளே பாட்டு வேண்டாம் என்று சொல்லலாம். பழைய குரல் இல்லையே என்ற ஏக்கம்! உடம்பு அசைந்தால் படபடப்பு அடங்கும் என்பாள் ஒருத்தி. நாலு பேர் முன் ஆடுவதா என்று கூசுவாள் மற்றொருத்தி.

ஆகவே, உங்கள் தங்கைக்கோ மருமகளுக்கோ இப்படி ஒரு சிகிச்சையை வைத்தியர் சொன்னால், நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே என்ன செய்வார்கள், எத்தனை பேர் இருப்பார்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா என்று அவளையும் வைத்துக்கொண்டே கேளுங்கள். இது பாட்டு வகுப்பு அல்ல, பரீட்சையும் கிடையாது. மாத்திரையை மட்டும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

நோயாளிக்கு வாயில்லை என்று நினைத்ததன் பலனை நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. தன் சிகிச்சையைப் பற்றித் தெரிந்து சம்மதம் சொல்லும் உரிமையையும் நோயாளிக்குத் தருகிறது.

யோசனை கேட்க 14416 என்ற இலவசத் தொலைபேசி உண்டு, தமிழிலேயே பேசலாம். நாகூருக்குப் போய்ப் பிரார்த்தனை செய்யுங்கள், வைத்தியமும் பாருங்கள். திரும்பி வரும் வழியில் அவளிடம் கேளுங்கள், "உனக்கு எதம்மா பிடிக்கும்?" என்று.