செவ்வாய், வெள்ளி மட்டும் நடந்தால் போதுமா?

தினமும் பத்தாயிரம் அடி நடந்தால்தான் ஆயுசு கெட்டி என்று யாராவது சொன்னால் மிரள வேண்டாம். அந்தக் கணக்கைப் பிரபலமாக்கியது, 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற ஒரு கம்பெனி. கருவியின் பெயரே 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்'! ரவுண்டாக இருந்ததால் உலகம் பூரா பிடித்துக்கொண்டது.

இந்தப் பத்தாயிரத்துக்குப் பயந்தே நடப்பதை விட்டவர்கள் உண்டு. எங்கள் காலனியில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். வயது 74. நாலு நாள் நடப்பார், ஐந்தாம் நாள் முழங்கால் மக்கர் பண்ணும். "தினம் முடியலேன்னா அப்புறம் என்னத்துக்கு சார் நடக்கணும்?" என்று ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். அவர் வீட்டு மாமியோ 'வாக்கிங்' என்ற வார்த்தையையே வாயால் சொன்னதில்லை. செவ்வாய், வெள்ளி அம்மன் கோயிலுக்கு நடை. திரும்பும்போது கையில் காய்கறிப் பை. மற்ற நாளெல்லாம் வீட்டோடு சரி.

மாமி பக்கம் சாட்சி பலமாக இருக்கிறது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 13,547 பெண்மணிகளுக்கு ஒரு வாரம் கருவியை மாட்டி அடிகளை எண்ணினார்கள். பிறகு சுமார் 11 வருஷம் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று பார்த்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் 4,000 அடியைத் தொட்டவர்களுக்கு, ஒரு நாளும் தொடாதவர்களைவிட மரண அபாயம் 26 சதவிகிதம் குறைவு. மூன்று நாளும் அதற்கு மேலும் தொட்டவர்களுக்கு 40 சதவிகிதம் குறைவு.

பி.காம். படித்த எனக்கு இது பாஸ்புக் சமாச்சாரமாகத்தான் தெரிகிறது. மாசாமாசம் பணம் போட்டாலும் சரி, போனஸ் வரும்போது மட்டும் போட்டாலும் சரி, மொத்தம்தான் பேசும். ஆராய்ச்சிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: எத்தனை நாள் என்பதைவிட, மொத்தம் எத்தனை அடி என்பதே விஷயம்.

ஆடிட்டர் மாதிரி ஓர் ஆட்சேபமும் எழுதிவிடுகிறேன். உடம்பில் தெம்பு இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள்? இருதய நோய், கேன்சர் இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள் என்றாலும், அந்த 26 முழுவதையும் நடையின் வரவில் எழுதிவிட முடியாது.

4,000 அடி என்பது சுமார் 40 நிமிஷ நடை. ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் பால் வாங்க, சாயங்காலம் பேரனைக் கூட்டிவர என்று பிரித்துக்கொள்ளலாம். மழை நாளில் பெயர்ந்த பிளாட்பாரத்தில் கால் வைத்து இடுப்பை முறித்துக்கொள்ளாமல், ஹாலிலேயே குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். கருவி அதையும் எண்ணத்தான் செய்யும்.