கைப்பேசி பெற்ற புலன்கள்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தினையும் ஐம்பொறிகள் என்பர் நம் முன்னோர். அவற்றின் வாயிலாக நாம் பெறும் உணர்வு புலன் எனப்படும். இயந்திரத்திற்கும் பொறி என்ற பெயர் தமிழில் உண்டு. இயந்திரமாகிய பொறி ஒன்று, உறுப்புகளாகிய பொறிகளைத் தானும் பெற்ற கதையே திறன்பேசியின் கதை. பேசுவதற்கென்று பிறந்த கருவி, தொடுகையை உணரவும், ஒலியைக் கேட்டறியவும், தான் இருக்குமிடத்தைத் தெரிந்துகொள்ளவும் எவ்வாறு கற்றது? இன்றைய கருவியில் இவையெல்லாம் ஒன்றோடொன்று இழைந்து கிடத்தலின், பிரித்துக் காண்பது எளிதன்று. தொடக்க காலத்துக் கருவிகளை நோக்கினால் ஒவ்வொரு புலனும் வந்து சேர்ந்த முறை தெளிவாகும்.

ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய 'சைமன்' என்னும் கருவி 1994ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ; சிறியதொரு செங்கல் என்றாலும் பொருந்தும். ஆயினும் அதில் நாட்காட்டி இருந்தது, முகவரி ஏடு இருந்தது, மின்னஞ்சல் அனுப்பலாம், தொலைநகலும் பெறலாம். ஒரு மணி நேரம் பேசினால் மின்கலம் ஓய்ந்துவிடும். அதன் திரையைச் சிறு குச்சியால் தொட்டு இயக்கலாம். சைமனுக்கு வாய்த்த புலன் அந்தத் தொடுகை ஒன்றே. பேச்சைக் கடத்தும் ஒலிவாங்கி அதில் இருந்தது உண்மை. ஆனால் தன் வழியே செல்லும் ஒலி இன்னதென்று அக்கருவி அறியவில்லை. ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்றபின் அது மறைந்தது.

2007ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. அதன் எடை 135 கிராம். முகப்பு முழுவதும் கண்ணாடி. குச்சிக்கு அங்கே வேலை இல்லை. பழைய தொடுதிரைகளில் பல, அழுத்தத்தை அறிபவை. மெல்லிய இரு படலங்கள் சிறிது இடைவெளியுடன் அமைந்திருக்கும். அழுத்திய இடத்தில் அவை ஒன்றையொன்று தொடும். ஐபோனின் கண்ணாடியோ அழுத்தத்தை வேண்டுவதில்லை. கண்ணாடியின் அடியில் மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகு படலம் உளது. நம் உடலும் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. விரல் அண்மையில் வந்ததும் படலத்திலுள்ள மின்னூட்டம் அவ்விடத்தில் சிறிது மாறுகிறது. மாறிய இடம் எதுவோ அதுவே விரல் பட்ட இடம். இரண்டு விரல்கள் பட்டால் இரண்டு இடங்களில் மாறுதல் தோன்றும். ஆகவே, படத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்க முடிந்தது. நகநுனியால் தட்டினால் இத்திரை பேசாதிருக்கும். கம்பளிக் கையுறை அணிந்த விரலையும் அது அறியாது. குளிர் மிகுந்த ஊர்களில் வாழ்வோர், அழைப்பு வரும்போதெல்லாம் கையுறையைக் கழற்ற வேண்டியவராயினர்.

திரை முழுவதும் தொடுகையை உணர்வதில் ஓர் இடரும் உண்டு. பேசும்போது கன்னம் திரையில் படும். படவே அழைப்பு துண்டிக்கப்படலாம். இதனைத் தடுக்கச் செவிப்பக்கத்தில் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும் சிறு கருவி ஒன்றை வைத்தனர். அக்கதிர் நம் கண்ணுக்குப் புலனாகாது. கன்னத்தில் பட்டு அது திரும்பி வந்தால், முகம் அண்மையில் உள்ளது என்று அறிந்து திரை அணைந்துவிடும். வெளியே வெயிலா இருளா என்று அறிந்து திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் உணரியும் அருகிலேயே அமைந்தது.

இவற்றினும் வியப்புத் தருவது முடுக்கமானி. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். சுவர் எப்படிச் சாய்ந்தாலும் குண்டு நிலத்தை நோக்கியே தொங்கும். முடுக்கமானியின் உள்ளேயும் அத்தகைய குண்டு ஒன்று உண்டு. ஆனால் அது சிலிக்கனில் செதுக்கப்பெற்றது. கண்ணுக்குத் தெரியாத நுண்மையுடையது. மெல்லிய வில்களால் தாங்கப்பெறுவது. கருவியைச் சாய்த்தால் அக்குண்டு சற்றே நகரும். நகர்ந்தால், பக்கத்திலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையிலுள்ள தொலைவு மாறும். அதனால் மின்தேக்கமும் மாறும். அம்மாறுதலைக் கொண்டு மேல் எது, கீழ் எது என்று கருவி அறிந்துகொள்கிறது. ஐபோனில் இது வைக்கப்பட்டது எதற்காக? கருவியைக் குறுக்காகப் பிடித்தால் படத்தையும் குறுக்காகத் திருப்பிக் காட்டுவதற்காக. அம்மட்டே!

முதல் ஐபோனின் குறைகளும் பல. அதன் ஒளிப்படக் கருவி அசையும் படம் எடுக்காது. ஓரிடத்துச் சொற்களைப் படியெடுத்து வேறிடத்தில் சேர்க்கும் எளிய வசதிகூட 2009ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான் வந்தது. செயலிகளோ, நிறுவனத்தார் வைத்தவை மட்டுமே. 2008ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இந்த வேலி அகன்றது. பிறர் எழுதிய செயலிகளை விற்பதற்கும் இலவசமாய் வழங்குவதற்கும் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 500 செயலிகள் அதில் இருந்தன. கருவியின் புலன்களை இனி எவரும் தம் கருத்துக்கேற்பப் பயன்படுத்தலாம் என்பதே அந்நாளின் சிறப்பு.

படத்தைத் திருப்புவதற்கு வைத்த முடுக்கமானியை ஒருவர் தச்சருடைய ரசமட்டம் ஆக்கினார். கருவியை மேசைமேல் வைத்தால், மேசை எவ்வளவு சாய்ந்துள்ளது என்று திரை காட்டியது. மற்றொருவர் அதனைக்கொண்டு நடப்பவரின் அடிகளை எண்ணினார். வேறொருவர் திரை முழுவதையும் வெண்மையாக்கி அதனைக் கைவிளக்கு என்றார். நகைப்புக்குரியதாய்த் தோன்றினும் அந்த விளக்கு உதவாமற் போகவில்லை. இரவில் பூட்டின் துளையைத் தேடுவோர்க்கும், கட்டிலின் அடியில் விழுந்த நாணயத்தைத் தேடுவோர்க்கும் அந்த மங்கிய வெள்ளொளி போதுமானதாயிருந்தது. பயனற்றவையும் இல்லாமலில்லை. திரையில் சிவந்த மணி ஒன்றைக் காட்டுவதன்றி வேறெதுவும் செய்யாத செயலி ஒன்று 999.99 டாலர் விலைக்கு வந்தது. அங்காடியிலிருந்து அது விரைவில் நீக்கப்பட்டது. அதற்குள் எண்மர் அதனை வாங்கியிருந்தனர்!

கேட்டறியும் புலனுக்குச் 'சசாம்' என்னும் செயலி சான்று. கடையிலோ உணவகத்திலோ ஒலிக்கும் பாட்டின் பெயர் நினைவுக்கு வராமல் தவிப்பவர், கைப்பேசியைச் சில நொடிகள் உயர்த்திப் பிடித்தால் போதும். பாட்டின் பெயரைத் திரை கூறும். இந்தப் பணி 2002ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தொடங்கியது. அப்போது 2580 என்ற எண்ணை அழைத்துக் கைப்பேசியைப் பாட்டின் பக்கம் நீட்ட வேண்டும். பாட்டு முழுவதையும் அது ஒப்பிடுவதில்லை. ஒலியில் மிக ஓங்கி நிற்கும் அதிர்வுகளையும், அவற்றினிடையே உள்ள கால இடைவெளிகளையும் குறித்துக்கொள்கிறது. இக்குறிப்புகளே பாட்டின் கைரேகை. அதே ரேகை சேமிப்பில் எந்தப் பாட்டுக்குரியது என்று தேடுவதே அதன் வேலை.

இடமறியும் புலன் எளிதில் வரவில்லை. முதல் ஐபோனில் செயற்கைக்கோளை உணரும் உறுப்பு கிடையாது. 2008ஆம் ஆண்டு ஜனவரியில், அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களையும் கம்பியில்லா இணைய நிலையங்களையும் கொண்டு இடத்தைத் தோராயமாக மதிப்பிடும் வழி அதற்குக் கற்பிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் வந்த அடுத்த கருவியே ஜி.பி.எஸ். உறுப்பைப் பெற்றது. நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அவ்வறிவிப்பு நம்மை அடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். நான்கு கோள்களின் அறிவிப்புகள் எவ்வெப்போது வந்தன என்று கணக்கிட்டால் கருவி நிற்கும் இடம் தெரிந்துவிடும். கைப்பேசி செயற்கைக்கோளுக்கு எதனையும் அனுப்புவதில்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அது கேட்கிறது, அவ்வளவே. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திசைகாட்டியும் சேர்ந்திருந்தது. இடமும் திசையும் சாய்வும் தெரிந்தால் வானத்தையும் அறியலாம். 2009இல் வெளிவந்த வான்வரைபடச் செயலி ஒன்று, கருவியை எந்தப் பக்கம் உயர்த்தினாலும் அப்பக்கத்து விண்மீன்களின் பெயர்களைத் திரையில் காட்டியது.

கருவி தான் அறிந்ததை உரியவருக்கு மட்டும் கூறினால் கவலையில்லை. ஒளிப்படத்திற்கென அமைந்த ஒளிர்விளக்கு கைப்பேசிகளில் பரவியபின், வெள்ளைத் திரைக்கு மாறாக அதனையே எரியவைக்கும் கைவிளக்குச் செயலிகள் பல்கின. ஆண்ட்ராய்டு கருவிகளுக்கான அத்தகைய செயலி ஒன்றைப் பல கோடிப் பேர் இலவசமாகப் பெற்றனர். அது விளக்கை எரித்தது. அத்துடன், கருவி எங்கே இருக்கிறது என்பதையும், அக்கருவிக்குரிய தனி அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 'இசைகிறேன்', 'மறுக்கிறேன்' என்னும் இரு பொத்தான்கள் திரையில் இருந்தன. ஒருவர் எதையும் தொடுவதற்கு முன்பே செய்தி சென்றுவிட்டிருக்கும். அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் இதனை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அச்செயலியின் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுத்தது.

விளக்குக்கு ஊரும் தெருவும் எதற்கு? விளக்குக்கு வேண்டா, விளம்பரம் செய்வோர்க்கு வேண்டும். இலவசச் செயலிக்குரிய விலை அவ்வழியே வந்தது. அந்நாளைய ஆண்ட்ராய்டில் ஒரு செயலியை நிறுவும்போது அது கேட்கும் இசைவுகள் யாவும் ஒரே பட்டியலாய்த் தோன்றும். எல்லாவற்றையும் அளிக்கலாம், அல்லது செயலியையே விட்டுவிடலாம். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுக்க வழியில்லை. 2015ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்பில்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும் முறை ஏற்பட்டது. அதற்குள் கைவிளக்கும் கைப்பேசியிலேயே ஓர் உறுப்பாகிவிட்டது. ஐபோனில் 2013இலும், ஆண்ட்ராய்டில் 2014இலும் அது சேர்ந்தது.

இன்று எந்தக் கைப்பேசியிலும் 'அமைப்புகள்' என்னும் பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எந்தப் புலனைப் பெற்றிருக்கிறது என்னும் பட்டியலைக் காணலாம். அதனைப் படிக்கும்போது சற்றே ஆய்ந்து படித்தல் வேண்டும். பழைய கைவிளக்குச் செயலி ஒளிப்படக் கருவிக்கான இசைவைக் கேட்டது குற்றமன்று. ஒளிர்விளக்கு அந்தக் கருவியின் பகுதியாதலின், அவ்விசைவு இல்லாமல் அதனை எரிக்க இயலாதிருந்தது. திசைகாட்டி இடத்தைக் கேட்பதும் முறையே. காந்த முள் காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் வேறுபடும் அளவு ஊருக்கு ஊர் மாறும். பாட்டை அறியும் செயலிக்கு ஒலிவாங்கி வேண்டும். ஆனால் கைவிளக்கு ஒன்று முகவரி ஏட்டைக் கேட்குமாயின், அதற்கு மறுப்பு என்னும் பொத்தான் அப்பட்டியலிலேயே இருக்கிறது.