கறுப்பு காரைக் கெடுக்கும் ஒற்றை வாளி

2023 அக்டோபர் 29 அன்று மும்பைத் தெருவில் ஒரு வண்டியின் காலம் முடிந்தது. தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி பதிவானது 2003ஆம் ஆண்டு அதே நாளில். நகரத்தில் டாக்ஸிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால், மறுநாளிலிருந்து பத்மினி எதுவும் மீட்டர் போட்டு ஓட முடியாது என்றாகிவிட்டது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா ஆலையில், அதாவது மும்பையின் செம்பூர் பகுதிக்குப் பக்கத்திலேயே பிறந்த வண்டி அது. 1990களின் நடுவில் மும்பையில் ஓடிய 60,000 சொச்சம் டாக்ஸிகளில் பெரும்பாலானவை பத்மினிதான்.

கூரை மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. ‘காலி-பீலி’ என்று ஊரே அழைத்த இந்த நிறச் சேர்க்கை, விடுதலைப் போராட்ட வீரர் வி.பி. காந்தி நேருவிடம் சொன்ன யோசனை என்பார்கள் மும்பைப் போக்குவரத்தின் பழங்கதை தெரிந்தவர்கள். மஞ்சள் கூரை தூரத்திலிருந்தே கண்ணில் படும். கறுப்பு உடம்பு கறையை மறைத்துக்கொள்ளும்.

கறைக்கு அந்தக் கணக்கு சரிதான். கிரீஸ், தார், புகைக் கரி எல்லாம் கறுப்பில் அடங்கிவிடும். கீறல் மட்டும் அடங்காது. வெள்ளைக் காரில் பத்து வருடம் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் கீறல், கறுப்பு காரில் முதல் வருடத்திலேயே கூப்பிட்டுக் காட்டும். இந்தியச் சாலைகளில் இன்னும் வெள்ளைக்குத்தான் முதலிடம் என்றாலும், 2019இல் டாடா ஹாரியரின் ‘டார்க்’ பதிப்பு வந்தபின் கறுப்புக்கு ஒரு புது மவுசு. மஹிந்திரா ‘நேபோலி பிளாக்’ என்கிறது. மாருதியும் கறுப்புப் பதிப்புகளை இறக்கியது. மும்பையின் மாதுங்கா, செம்பூர் பகுதி அடுக்குமாடிகளின் நிறுத்துமிடங்களில் இப்படிப் பளபளவென்று வந்து நிற்கும் வண்டிகள், ஒரு மழைக்காலம் கடப்பதற்குள் வெயிலில் வட்ட வட்டமாய் நுண்கோடுகளைக் காட்டத் தொடங்கிவிடுகின்றன. பாலிஷ் தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஸ்விர்ல் மார்க்’ என்கிறார்கள்.

காரணம் ஒளியில் இருக்கிறது. கறுப்பு நிறமி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. மேல்பூச்சின் வழவழப்பான பரப்பிலிருந்து நேராகத் திரும்புவது சுமார் 4 விழுக்காடுதான். கறுப்பு காரின் அந்த ஆழமான மினுக்கு முழுவதும் இந்தச் சிறு பங்கு ஒளியின் வேலை. பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதன் விளிம்பு ஒளியைச் சிதறடிக்கும். வெள்ளைப் பூச்சில் எங்கும் சிதறும் ஒளிதான் என்பதால் அது தனியாகத் தெரியாது. வெள்ளைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பதற்கும் கரும்பலகையில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கோடுகள் வட்டமாய்த் தெரிவதும் கண்ணின் மயக்கமே. உண்மையில் அவை எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றில் சூரியனையோ விளக்கையோ சுற்றி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. அதனால்தான் நிழலில் குறையில்லாமல் நிற்கும் கார் பெட்ரோல் பங்க் விளக்கடியில் வேறு முகம் காட்டுகிறது.

இந்தக் கீறல்கள் சாலையில் விழுந்தவை அல்ல. பெரும்பாலும் துடைக்கும்போது விழுந்தவை.

மும்பையில் சொந்தக் காரைத் தானே கழுவுபவர்கள் குறைவு. காலை ஐந்தரை, ஆறு மணிக்கே ஒரு வாளியும் துணியுமாகத் தொழிலாளி வருகிறார். ஒரு வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய். எட்டு மணிக்குள் வரிசையில் உள்ள எல்லா வண்டியையும் முடித்தாக வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் ஒரு வண்டிக்கு மட்டுமல்ல, சில இடங்களில் இரண்டு மூன்று வண்டிக்கும் ஆகிறது. முதல் வண்டியின் சக்கரத்திலிருந்து வந்த மணல் அடுத்த வண்டியின் பானெட்டில் ஏறுகிறது. தாராவியின் ஆயத்த ஆடைப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுத் துணி, மும்பை வழக்கில் ‘சிந்தி’, துடைப்புத் துணியாகப் பல கராஜ்களுக்குப் போகிறது. எண்ணெய்க் கை துடைக்க அது அருமையான பொருள். ஒரு பெரிய மறுசுழற்சித் தொழிலே அதில் நடக்கிறது. கார் பூச்சுக்கு மட்டும் அது ஆகாது. பாலியெஸ்டர் கலந்த துண்டு, தடித்த தையல் ஓரம், சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும் பொத்தான் என எல்லாமே கீறும். இந்த வேலையைச் செய்பவர் மீது பழி போடுவது நியாயமில்லை. அவருக்குக் கிடைக்கும் தண்ணீர், துணி, நேரம் மூன்றையும் தீர்மானிப்பது வண்டிக்காரர்களும் குடியிருப்பும்தான்.

துடைப்பின் தீங்கு புரிய பூச்சின் கனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலையில் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்பு அடுக்கு, சுமார் 20 மைக்ரான். அதன்மேல் பிரைமர் 30 முதல் 35. பிறகு நிறம், வெறும் 15 முதல் 20. எல்லாவற்றுக்கும் மேலே ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற தெளிபூச்சு, 40 முதல் 50. எல்லாம் சேர்த்தே ஒரு மில்லிமீட்டரில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். மினுக்கு, கீறல், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாதுகாப்பு எல்லாம் அந்தக் கடைசி அடுக்கில்தான்.

பத்மினி காலத்துப் பூச்சு இப்படி இல்லை. அன்று நிறமும் மினுக்கும் ஒரே அடுக்கு. வெயிலில் அது வெளிறிச் சுண்ணம் பூத்தாற்போல் ஆகும். ‘ரப்பிங் காம்பவுண்ட்’ போட்டுத் தேய்த்தால் செத்த மேல்தோல் துணியில் கறுப்பாக வந்துவிடும், அடியிலிருந்து புதுக் கறுப்பு எழும். பழைய மெக்கானிக்குகள் கண்டு பழகிய உண்மை அது. அந்தப் பழக்கமே இன்றைய வண்டிக்கும் நீள்வதுதான் கவலைக்குரியது. தெளிபூச்சு வண்டியைத் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று காம்பவுண்ட் போட்டால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். போனது திரும்ப வராது. அடுக்கு மெலிந்த இடம் சில ஆண்டுகளில் வெளிறி, உரிந்து, வெள்ளைத் திட்டாக நிற்கும். அதற்கப்புறம் பாலிஷ் உதவாது. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

கீறலுக்கு அடுத்த பகை, ஊரின் காற்றும் தண்ணீரும்.

மாதுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் யாருக்கும் ஆசை காட்டும். ஆனால் மரத்தடியில் பறவை எச்சம் விழும். எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. கேடு அமிலத்தோடு நிற்பதுமில்லை. கறுப்புத் தகடு பகல் வெயிலில் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். சூட்டில் பூச்சு சற்று இளகி விரிகிறது. மாலை குளிரும்போது காய்ந்த எச்சத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பவே இறுகுகிறது. அந்த அச்சுதான் எச்சத்தைக் கழுவிய பிறகும் மங்கலாக நிற்பது. பார்த்த உடனே ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் எடுக்க வேண்டும்.

அதே மாதுங்காவில் மத்திய ரயில்வேயின் பெட்டிப் பணிமனை 1915இலிருந்து இயங்குகிறது; மத்திய, மேற்கு ரயில்பாதைகள் இரண்டும் இரு பக்கமாக ஓடுகின்றன. ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் பாதையோரம் நிற்கும் கார்களில் உட்கார்ந்து, ஈரத்தில் துருப்பிடித்து, பூச்சுக்குள் வேர்விடும். விரலை ஓட்டினால் சொரசொரக்கும். ஷாம்பு இதை எடுக்காது. இரும்பைக் கரைக்கும் திரவம் ஒன்று உண்டு. தெளித்த சில நிமிடத்தில் ஊதா நிறமாக வழியும். மிச்சத்தை ‘கிளே பார்’ என்ற பிசின்போன்ற களிக்கட்டி, வழுக்கும் திரவத்தின் உதவியோடு இழுத்துவிடும்.

செம்பூரின் கதை வேறு. மாஹுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், பக்கத்தில் ஆர்.சி.எஃப். உர ஆலை. மனித நுரையீரலுக்காக நீதிமன்றம் வரை போன காற்று அது. அதற்கு முன்னால் கார் பூச்சைப் பற்றிப் பேசுவதே சிறிய விஷயம். ஆனாலும் எண்ணெய்ப் பசையோடு படியும் அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் தட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். 2023 அக்டோபரில் காற்றின் தரம் மோசமானபோது கட்டுமானத் தூசியைக் கட்டுப்படுத்த மாநகராட்சி விதிமுறைகள் அறிவித்ததும் நினைவிருக்கும். சிமெண்ட், மணல் தூசியின் ஒவ்வொரு துகளும் தெளிபூச்சைவிடக் கடினமானது.

தண்ணீரிலும் ஒரு நுட்பம் உண்டு. மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது பாத்சா, தான்சா, வைதர்ணா போன்ற ஏரிகளின் மழைநீர்; உப்பு குறைவு. டேங்கரிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் வருவது கடினநீர். சூடான கறுப்புத் தகட்டில் அதன் துளி நொடியில் காய்ந்து, கால்சியம் வட்டமாக உறைந்துவிடும். புதிய கறை என்றால் வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துடைத்தால் போகும். பழையது பூச்சை அரித்துக் குழி போட்டிருக்கும். கறுப்பு காரைக் காலையில் தகடு குளிர்ந்திருக்கும்போதே, நிழலில் கழுவச் சொல்வது இதனால்தான்.

சரியாகக் கழுவும் முறை எளிது. முதலில் தண்ணீர் ஊற்றித் தளர்ந்த மண்ணை வடியவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்புவில் முக்குவது. கூரையில் தொடங்கிக் கீழே வருவது. சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது மெழுகை உருவிவிடும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்துக்கு ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ திரவம் நல்ல வழி. சில லிட்டர் தண்ணீரில் கலந்தால் முழு வண்டிக்கும் போதும், அலச வேண்டியதில்லை. சேறு அப்பிய மழைக்காலத்தில் மட்டும் அது போதாது. சிக்னலில் விற்கும் இறகு விசிறியும் மஞ்சள் துணியும் கறுப்பு காரின் பக்கமே வரக்கூடாது. கார் கவரும் அப்படித்தான்: தூசிமேல் போர்த்திய கவரைக் கடற்காற்று நாளெல்லாம் அசைத்தால், அது நாளெல்லாம் தேய்க்கிறது என்று பொருள்.

கீறல் விழுந்துவிட்ட வண்டிக்குப் பாலிஷ் தேவைதான். எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்திருந்தால் போதும். நல்ல கடையில் முதலில் கனமானியை வைத்துப் பூச்சு எத்தனை மைக்ரான் மிச்சம் என்று பார்ப்பார்கள். ஒரு ஓரத்தில் மென்மையான பாலிஷைச் சோதித்து, அது போதாவிட்டால் மட்டும் கடினமானதற்குப் போவார்கள். வேகமாக ஒரே அச்சில் சுற்றும் ‘ரோட்டரி’ இயந்திரம் பழகாத கையில் அலையலையான புது வரிகளை விட்டுப்போகும். கறுப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். சுழன்றுகொண்டே ஆடும் ‘டூயல் ஆக்‌ஷன்’ இயந்திரம் மெதுவானது, பத்திரமானது. கறுப்புக்குக் கடைசியாக நுண்பாலிஷ் ஒரு சுற்று கட்டாயம் வேண்டும். வெள்ளை காரில் அதைத் தவிர்த்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஏமாற்று வேலையும் இங்கேதான் நுழைகிறது. சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பியும் கீறலை அடைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கும் அன்று கண்ணாடியாய்க் காட்டும். இரண்டு மழையில் பழைய கோடுகள் திரும்பிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஓரிடத்தில் துடைத்துக் காட்டச் சொல்லி, வெயிலில் பார்த்த பிறகே பணம் கொடுக்கலாம். நேர்மையான கடைக்காரர் இதற்குத் தயங்குவதில்லை.

மேலே எதைப் பூசுவது என்பது அவரவர் வசதி. பிரேசில் பனையிலிருந்து வரும் கார்னூபா மெழுகு கறுப்புக்குத் தரும் ஈரமான ஆழத்தை வேறெதுவும் தருவதில்லை. மும்பை வெயிலிலும் மழையிலும் சில வாரங்களே நிற்கும். செராமிக் பூச்சு, தரத்தையும் பராமரிப்பையும் பொறுத்து, ஓரிரு ஆண்டு தாங்கும். தண்ணீரும் அழுக்கும் எளிதில் நழுவும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையின் கடினத்தை வைத்த அளவு. மணல் அதைவிடக் கடினம். ஒற்றை வாளியில் தோய்த்த துணி செராமிக்கையும் கீறும். உண்மையிலேயே கீறலைத் தாங்குவது பி.பி.எஃப். என்ற பாலியூரிதேன் படலம்தான். 150 முதல் 200 மைக்ரான் கனம், சிறு கீறல் சூட்டில் தானே மறையும். விலை கையைக் கடிக்கும் என்பதால் பானெட், முன்பம்பர், கதவுக் கைப்பிடிக் குழி வரைக்கும் மட்டும் ஒட்டிக்கொள்பவர்களே அதிகம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு, முதல் கீறல் ஷோரூமிலேயே விழக்கூடும். ஒப்படைக்கும் முன் அவசரமாகக் கழுவித் துடைப்பது வழக்கம். முன்பதிவுப் படிவத்திலேயே ‘கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்கலாம்; தூசியோடு வாங்கி வந்தாலும் நட்டமில்லை.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டிய செலவு மிகச் சிறியது. காலையில் வரும் தொழிலாளிக்கு இன்னொரு வாளி, ஒரு கையுறை, நான்கு நல்ல மைக்ரோஃபைபர் துணி, ரின்ஸ்லெஸ் திரவம் ஒரு புட்டி. தினமும் துடைக்கச் சொல்வதற்குப் பதிலாக வாரம் இரண்டு முறை ஒழுங்காகக் கழுவச் சொல்லி, அதே சம்பளத்தைக் கொடுக்கலாம். வண்டிக்கும் நல்லது, அவர் முதுகுக்கும் நல்லது. துணி தரையில் விழுந்தால் அன்று அது சக்கரத்துக்கு மட்டும். மற்ற துணிகளை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாக, சாஃப்ட்னர் இல்லாமல் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். சாஃப்ட்னர் பட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சாமல் போய்விடும்.