தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை

ஆஸ்திரேலிய நாட்டு ஆரம்பப் பள்ளி ஒன்றில் இடைவேளை மணி அடிக்கிறது. பிள்ளைகள் மைதானத்தை நோக்கி ஓடுகிறார்கள். ஓரிருவர் மட்டும் தாழ்வார நிழலில் முகம் வாடி அமர்ந்திருக்கிறார்கள். தொப்பியை வீட்டில் மறந்து வந்ததே அவர்கள் செய்த குற்றம். ‘தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை’ என்பது அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் வழங்கும் விதி.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? 1788 முதல் அங்கே குடியேறியவர்களில் மிகப் பலர் பிரிட்டன், அயர்லாந்து முதலிய மங்கிய வெயில் நாடுகளிலிருந்து வந்த வெண்தோலினர். ஆதிக்குடிகளின் மேனியில் மெலனின் என்னும் நிறமி குடைபோல் நின்று காக்கிறது. வந்தவர்களுக்கு அக்காப்பு மிகக் குறைவு. இன்று ஆஸ்திரேலியர் மூவரில் இருவர் 70 வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு ஆளாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தீங்கு செய்வது வெப்பமன்று என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். சூரிய ஒளியைக் கண் காண்கிறது. வெப்பத்தை உடல் உணர்கிறது. புற ஊதாக் கதிர்களையோ நாம் காண்பதுமில்லை, உணர்வதுமில்லை. அவை தோலின் உயிரணுக்களுக்குள் புகுந்து மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. சிதைவில் பெரும்பகுதியை உடலே செப்பனிட்டுவிடும். எஞ்சியது சேர்ந்துகொண்டே போய், பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படலாம். குளிர்காற்று வீசும் நாளிலும், மெல்லிய மேகம் மூடிய நாளிலும் தோல் வெந்து சிவப்பதுண்டு. தீயைத் தொட்ட குழந்தை உடனே கையை இழுத்துக்கொள்கிறது. இங்கே எரிச்சல் தோன்றுவது மாலையில். நோய் தோன்றுவது நடுவயதில். ஆகவே குழந்தை தன் அனுபவத்தால் இதைக் கற்க இயலாது. பிறர் பழக்கித்தான் ஆகவேண்டும்.

1981-இல் கடற்பறவை ஒன்றைச் சித்திரப் பாத்திரமாக்கி, சட்டை அணியவும், களிம்பு பூசவும், தொப்பி கவிழ்க்கவும் தொலைக்காட்சியில் கற்பித்தார்கள். 1988-இல் விக்டோரியா மாநிலத்தில் ‘சன்ஸ்மார்ட்’ திட்டம் பிறந்தது. பின்னர் அது பள்ளிகளுக்குள் நுழைந்தது. கதிர்களின் கடுமையைக் காட்டும் குறியீட்டெண் 3 அல்லது அதற்கு மேற்பட்டால் காப்பு தேவை. விக்டோரியாவில் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரை இந்நிலை. மற்ற மாதங்களில் தொப்பி வேண்டியதில்லை. வைட்டமின் டி உண்டாவதற்கு இதே கதிர்கள் தேவையல்லவா! தொப்பியிலும் தேர்வு உண்டு. முன்புறம் மட்டும் நீண்ட கிரிக்கெட் குல்லாய் காதையும் பிடரியையும் காக்காது. சுற்றிலும் விளிம்புடையதோ, பின்னால் துணி தொங்குவதோதான் ஏற்றது. களிம்பை வெளியே செல்வதற்கு 20 நிமிடம் முன்னரே பூசவேண்டும். மைதானத்தில் நிற்கும் ஆசிரியரும் தொப்பி அணியவேண்டும் என்கிறார்கள். இவ்விதியை நான் மிகவும் மெச்சுகிறேன். ஆசிரியர் சொல்வதைவிடச் செய்வதையே பிள்ளைகள் கூர்ந்து நோக்குவார்கள்.

நம்மைப் போன்ற கருநிறத்தவர்க்குத் தோல் புற்றுநோய் அபாயம் மிகக் குறைவே. ஆயினும் கண்ணில் புரை விழுவதற்கு இக்கதிர்களும் ஒரு காரணம்.

ஆரம்பப் பள்ளியில் பெற்ற வெற்றி உயர்நிலைப் பள்ளியில் தொடரவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தொப்பி நாணத்தைத் தருகிறது. விளையாட்டை மறுப்பதும் அவ்வயதில் தண்டனையாவதில்லை. மெல்போர்னில் 51 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் மாணவர் கூடும் இடங்களுக்கு மேலே நிழல்துணி கட்டிப் பார்த்தார்கள். நிழலைக் கண்டு இளைஞர் விலகிப் போய்விடுவார்களோ என்னும் ஐயம் இருந்தது. 2009-இல் முடிவு வெளிவந்தது. எவரும் அறிவுரை கூறாமலே, நிழலிட்ட இடங்களுக்கு முன்னிலும் அதிகமான மாணவர்கள் வந்து அமர்ந்திருந்தார்கள்.