கறிவேப்பிலைக் கன்றும் அயலவர் கடமையும்

கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டியிலுள்ள டப்ளின் நகரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கொல்லையில் சிறிது நிலம் கிடைத்தாலும் கறிவேப்பிலை நடுவதும், வேரடிக் கன்றை அயலவருக்கு ஈவதும் எம்மவர் வழமை. அவ்வழமைக்கு அம்மாநிலத்தில் இன்று ஒரு வரம்பு உண்டு.

ஆசிய சைலிட் எனும் சாறுண்ணிப் பூச்சி 2008இல் கலிபோர்னியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தோடை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பக்ரீரியா நோயைப் பரப்பும் இப்பூச்சி, கறிவேப்பிலைத் துளிரிலும் முட்டையிட்டுப் பெருகுகிறது. 2012இல் அந்நோயும் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தோன்றியது. அதற்கு மருந்தில்லை. ஆகவே, தனிமைப்படுத்தப்பட்ட வலயங்களிலிருந்து கறிவேப்பிலைக் கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டுள்ளது. அன்பளிப்பாகச் செல்லும் ஒரு கன்று அயலவரின் தோடை மரத்துக்கே எமனாகலாம்.

கோழி வளர்ப்போருக்கும் இத்தகைய பொறுப்பு உண்டு. பறவைக் காய்ச்சல் கறவை மாடுகளிடையேயும் பரவியமையால், 2024 டிசெம்பர் 18இல் மாநில ஆளுநர் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். காட்டுப் பறவைகள் அணுகாதவாறு தீனியையும் நீரையும் மூடிவைத்தல் வேண்டும். கூட்டினுள் செல்வதற்கெனத் தனிப் பாதணி வைத்திருத்தல் நன்று. கோழிகள் திடீரென மடிந்தால் மறைக்காது அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். கூடு அமைக்குமுன் நகரசபை விதியையும் குடியிருப்பாளர் சங்க விதியையும் கேட்டறிதல் அவசியம்.

தோட்டச் சந்தேகங்களுக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி பெற்ற தொண்டர்கள் அலமேடா கவுண்டியில் இலவச ஆலோசனை வழங்குகின்றனர். கத்தரி, மிளகாய், வெண்டி ஆகியவற்றின் விதைகளுக்கு இத்தடை இல்லை. கொடுக்கும் கை கொடுக்கட்டும். எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்கட்டும்.