ஓட்டு வீட்டுக்குத் தகரப் பாத்தி அவசியமா?

குமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு இரு பருவமழை உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு அடைமழை. ஆகவே ஓட்டு வீடு உள்ள விவசாயிகளுக்குக் கூரை விளிம்பில் பாத்தி பொருத்தலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. அடுத்த வீட்டைப் பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது. இறவாண நீர் எங்கே விழுகிறது, விழுந்தபின் எங்கே போகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 600 சதுர அடி பரப்பை மூடும் கூரையில் 25 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 1,400 லிட்டர். இருபுறம் சரியும் கூரையானால் பக்கத்துக்கு 700 லிட்டர் சுவரடியில் கொட்டும்.

பலத்த மழை ஓய்ந்ததும் சுவரைப் பார்க்கவும். தரையிலிருந்து மேல்நோக்கி ஈரமும் சேறும் படிந்திருந்தால் அது இறவாண நீர் தெறித்தது. அந்த உயரத்தைக் கரியால் குறித்து வைக்கலாம். மேலிருந்து கீழாக நனைந்திருந்தால் அது காற்றோடு வந்த சாரல். அதற்குப் பாத்தி பயன்படாது. இறவாணத்தை நீட்டுவதே வழி.

எங்கே வேண்டாம்?

இறவாணம் இரண்டடிக்குமேல் நீண்டு, கருங்கல் அடித்தளம் உயர்ந்து, முற்றம் வெளிப்புறமாகச் சரிந்திருந்தால் பாத்திக்குச் செலவிட வேண்டியதில்லை. நீர் விழும் வரிசையில் சரளைக்கல் பரப்பினாலே தெறிப்பு குறையும்.

எங்கே வேண்டும்?

மண்சுவர் வீடு, வாசற்படி, இரு கூரைகள் கூடும் இடம் ஆகியவற்றுக்குப் பாத்தி தேவை. தொழுவத்துக் கூரைநீர் உரக்குழியில் விழுந்தாலும் தேவை. இல்லாவிட்டால் எருவின் சத்து கரைந்து வெளியேறிவிடும். வீடு முழுவதும் போடாமல் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் போட்டால் செலவு மிச்சம்.

பொருத்தும் முறை

20 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுக்க வேண்டும். நீர் தேங்கினால் கொசு பெருகும். இறங்கு குழாயின் நீரை அஸ்திவாரத்தருகே விடாமல் தொலைவில் தென்னை மூட்டுக்கோ, தொட்டிக்கோ கொண்டுசெல்லலாம். தமிழகத்தில் 2003-ல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கும் இப்பாத்தி உதவும். தொட்டியில் சேர்ப்பதானால் முதல் மழைநீரை வெளியே விட்டுவிட வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்றால் தகரம் விரைவில் துருப்பிடிக்கும், அங்கு பி.வி.சி. பாத்தி நலம்.

தென்னம்பூவும் சருகும் விழுந்து பாத்தி அடைபட்டால் நீர் பின்வாங்கிக் கூரை மரத்தை நனைத்து உளுக்கச் செய்யும். ஆகவே வைகாசிக் கடைசியில் ஒரு முறையும் புரட்டாசிக் கடைசியில் மறுமுறையும் துப்புரவு செய்ய வேண்டும். இதற்கு இயலாதவர்கள் பாத்தி போடாமலிருப்பதே மேல்.