பார்சல் வரவில்லை

எங்கள் கற்போர் மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள்.

ஒரு நாள் ஃபேஸ்புக்கில் ஒருவர் அக்காவிடம் நட்பு கேட்டார். லண்டனில் டாக்டராம். மனைவியை இழந்தவராம். இரண்டே நாளில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. "சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்டார். அக்காவிடம் அப்படிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் மட்டும், "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்" என்பார்.

மூன்று மாதம் போனது. கல்யாணப் பேச்சு வந்தது. "நகையும் போனும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்" என்றார். மறுநாள் ஒரு பெண் பேசினாள். டெல்லி விமான நிலையச் சுங்க அதிகாரியாம். வரி 28,000 ரூபாய் என்றாள். அக்கா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். அடுத்த நாள் மறுபடி போன். "பெட்டிக்குள் வெளிநாட்டு நோட்டு இருக்கிறது. 75,000 கட்டு. இல்லாவிட்டால் போலீஸ் வரும்."

அக்கா சங்கிலியை அடகு வைத்தார். வங்கிப் படிவத்தோடு என்னிடம் வந்தார். "தம்பி, இதைச் சரியாக எழுதியிருக்கிறேனா பாரு" என்றார். எழுத்தெல்லாம் சரிதான். பணம் பெறுபவர் என்ற இடத்தில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அரசு வரி தனி ஆளின் கணக்குக்குப் போகுமா? சுங்கத் துறை போனில் கூப்பிட்டு அப்படிப் பணம் கேட்பதே இல்லை. அது அனுப்பும் கடிதத்தில் ஓர் அடையாள எண் இருக்கும். அந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

டாக்டரும் அதிகாரியும் ஒரே கும்பல். படம் வேறு யாருடையதோ. வங்கிக் கணக்கு பெரும்பாலும் வாடகைக்கு வாங்கியது. உங்கள் கணக்கை யாராவது வாடகைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல்தான் வரும். இப்போது வீடியோவில் முகத்தையே மாற்றிக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. ஆகவே முகம் தெரிந்தாலும் நம்பிவிட முடியாது. நேரில் பார்க்காதவர் பணம் கேட்டால், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் சொன்னால், கட்டாயம் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்கும் ஒரே எண். சீக்கிரம் சொன்னால், திருடன் எடுப்பதற்குள் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை உண்டு. "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டு" என்று பிறகு சிலர் வருவார்கள். அவர்களும் திருடர்களே.

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். படித்த பெரிய உத்தியோகக்காரர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

அன்று மாலையே 1930க்குப் பேசினோம். 11,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டது. மீதி அதற்குள் கைமாறிவிட்டது. சங்கிலியை மறுநாளே மீட்டுவிட்டோம். போலீஸ் நிலையத்தில், "நீ எழுதிக் கொடு தம்பி" என்றார் ஏட்டு. அக்கா பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஒன்றரைப் பக்கம், தன் கையாலேயே எழுதினார்.